எல்லர்ஸ்பாஹ் ஊராட்சியின் வாத்து

அனுப்புநர்:
சாய்கிருஷ்ணன்,
மார்க்கெட் பின்தெரு, பாளையங்கோட்டை.

பெறுநர்:
உயர்திரு வைத்தி அவர்கள்,
ஊராட்சி ஒன்றிய அலுவலகக் கண்காணிப்பாளர் (ஓய்வு),
கோடைக்குறிச்சி, முக்கூடல் வழி.

நாள்: 20 ஜனவரி 2026

பொருள்: ஹம்ஸினி நினைவுப் பலகையில் உள்ள பறவை – மாப்பிள்ளை பொய் சொன்னது – ஒப்புக்கொள்வது – தொடர்பாக.

பார்வை: தங்கள் வாய்மொழிக் கேள்வி, காரியத்தின் பத்தாம் நாள், கூடத்தில், காலை பதினோரு மணி சுமார்.

மாமாவுக்கு அநேக நமஸ்காரம், மாமிக்கும். இந்த இடத்தில் நான் சௌக்கியம் என்று எழுதுவது வழக்கம். எழுதினால் இந்தக் கடிதத்தின் முதல் பொய் அதுவாகிவிடும். இல்லை என்று எழுதினால் மாமி அடுத்த பஸ்ஸில் ரசப்பொடியோடு வந்து நிற்பார். ஆகவே அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன், தாங்களே பூர்த்தி செய்துகொள்ளவும். பொருள், பார்வை எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறேன். காலேஜ் ஹாஸ்டலிலிருந்து ஹம்ஸினி எழுதிய முதல் கடிதத்தை 'பொருள் குறிப்பிடப்படவில்லை' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினீர்களாம். அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். போனிலேயே இதைச் சொல்லிவிடலாம் என்று போன வாரம் நாலு தடவை கூப்பிட்டேன். நாலு தடவையும் நீங்கள் எடுத்தவுடன் "சாப்டேளா மாப்ளே?" என்று கேட்டீர்கள். அதற்கப்புறம் எனக்கு வாய் வரவில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் நாங்கள் இருந்த எல்லர்ஸ்பாஹ் ஊர்ச் சின்னத்தில் நிற்கும் பறவை ஹம்ஸம் இல்லை மாமா, வாத்து. சாதாரண சீமை வாத்து. அது நம் ஹம்ஸினிக்காக வைக்கப்பட்டதும் இல்லை. அவள் பிறப்பதற்கு முப்பத்து நாலு வருஷம் முன்பே, 1960இல், மாநில உள்துறை அமைச்சகம் கையெழுத்துப் போட்டு அங்கீகரித்த வாத்து அது. நீங்கள் கேட்டபோது நான் தலையாட்டினேன். அது பொய். அந்தப் பொய் இப்போது குடிதண்ணீர்த் தொட்டி உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. வருகிற திங்கட்கிழமை, இருபத்தாறாம் தேதி கிராம சபையில், ஊர் முழுக்கப் பார்க்க, அது உங்கள் தலையில் விழப்போகிறது. அதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஃபைலில் ஒரு தாள் விட்டுப்போனாலும் உங்களுக்குப் பிடிக்காது. அதனால் ஆரம்பத்திலிருந்து வரிசையாகப் போடுகிறேன். நானும் ஹம்ஸினியும் எல்லர்ஸ்பாஹில் நாலு வருஷம் இருந்தோம். மலையடிவாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ள கிராமம். பக்கத்து டவுனில் இருக்கிற பம்ப் கம்பெனியில் எனக்கு டிசைன் வேலை. போன வருஷம் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை தலைவலி என்றாள், வெள்ளிக்கிழமை இல்லை. மூளையில் ரத்தக்குழாய் என்றார்கள். அஸ்தியை விமானத்தில் கொண்டுவருவதற்கு வேண்டிய காகிதத்தையெல்லாம் ஊராட்சித் தலைவி வைலர் அம்மாள் தானே காரில் அலைந்து வாங்கிக் கொடுத்தார். கூடவே உங்களுக்கென்று ஒரு அனுதாபக் கடிதமும் கொடுத்தார். அதன் தலைப்பில்தான் அந்தச் சின்னம்: ஒரு கேடயம், கீழ்ப்பாதி பச்சையில் ஓடைக்காக ஒரு வெள்ளை வளைகோடு, மேல்பாதி நீலத்தில் வெள்ளைப் பறவை. தாமிரபரணியில் கரைத்துவிட்டு வந்து, பத்தாம் நாள் கூடத்தில் நான் சுவரோரமாக உட்கார்ந்திருந்தபோது, நீங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தக் கடிதத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள்.

"மாப்ளே, இது அவா ஊர் முத்திரையா?"

தலையாட்டினேன்.

"பட்சி ஒண்ணு நிக்கறதே. ஹம்ஸந்தானே?"

ஆட்டினேன்.

"இது இங்க நிக்கறது நம்ம ஹம்ஸினியாலதானே?"

அதற்கும் ஆட்டினேன். மாமி உள்ளேயிருந்து, "ஏன்னா, அவரைப் போட்டுப் படுத்தாதேங்கோ" என்றார். நீங்கள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். இன்னும் ஏதோ கேட்க வந்தது போல இருந்தது. அப்புறம் எழுந்து போய்விட்டீர்கள். நடந்தது இவ்வளவுதான்.

சாக்கு சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், ஆனால் அந்த நாட்களில் நான் எதற்குத்தான் தலையாட்டவில்லை? சாஸ்திரிகள் "கிழக்கு பாத்து உக்காரறேளா, தெற்கு பாத்தா?" என்று கேட்டார், இரண்டுக்கும் ஆட்டினேன், கோபித்துக்கொண்டார். பாளையங்கோட்டையில் வீடு பார்த்து வந்த அன்றைக்கே பக்கத்து வீட்டு ஹமீது பீவி, "தம்பி, நம்ம வெள்ளாட்ட ஒங்க பின்வாசல்ல கட்டிக்கிடட்டா? ரெண்டு நாளைக்குத்தான்" என்றார். இப்போது ஆடு மூன்று. இரண்டு இங்கேயே பிறந்தவை. ஜெர்மனிக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் இல்லையா, மீட்டிங்கில் "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்று கேட்கிறார்கள், நான் தலையாட்டுகிறேன், கேமரா அணைந்திருப்பது அப்புறம்தான் ஞாபகம் வருகிறது. மௌனம் சம்மதம் என்று அவர்களும் குறித்துக்கொள்கிறார்கள். இதெல்லாம் என்னோடு போகிற கஷ்டம். வாத்து விஷயம் அப்படிப் போகவில்லை.

நவம்பர் கடைசியில் நீங்கள் போன் செய்தீர்கள்: டிசம்பர் எட்டாம் தேதி அவள் பிறந்தநாள், பஸ் ஸ்டாப்பில் நினைவுப் பலகை ஒன்று வைக்கவேண்டும், பாளையங்கோட்டையில்தான் நன்றாக அடித்துத் தருகிறார்களாம், நான் வருகிறேன், கூட வாருங்கள். மாமி பின்னாலிருந்து கத்தியது எனக்குக் கேட்டது. "நம்மாத்துல யாராவது போயிட்டா ஃப்ளெக்ஸ் வெச்சிருக்காளா? ஊர் சிரிக்கும்!" அதற்கு நீங்கள், "ஒரு ஊரே நம்ம பொண்ணால ஒரு பட்சியை முத்திரையில வெச்சிருக்கு ஜயா, நாம ஒரு ஃப்ளெக்ஸ் வைக்கப்படாதா?" என்றீர்கள். முப்பத்தைந்து வருஷம் ஒன்றிய ஆபீஸில் அடுத்தவர் மனுவுக்கு நம்பர் போட்டவர், முதல் முறையாகத் தனக்காக ஒன்று கேட்கிறார். நான் எப்படி மாமா வேண்டாம் என்று சொல்ல?

மார்க்கெட் பக்கம் தானியேல் கடைக்குப் போனோம். தானியேல் நல்ல மனுஷன். ஹம்ஸினி போட்டோவைப் பார்த்தவுடன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். சின்னத்தைத் திரையில் பெரிதாக்கினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது என்ன சார்வாள், வாத்தா?"

அந்த நிமிஷம் கடவுள் எனக்காக வாசலைத் திறந்து வைத்தார். நான் நுழையவில்லை. நீங்கள் கொஞ்சம் விறைப்பாக, "ஹம்ஸம்" என்றீர்கள்.

"அப்ப கழுத்து பத்தாதே சார்வாள். ஹம்ஸம்னா கழுத்து நல்லா வளைஞ்சு நிக்கணும்லா. இவன் ஏதோ எரிஞ்சு விழுத மாதிரில்லா நிக்கான். நான் கொஞ்சம் நீட்டி விட்டுருதேன், பைய, யாருக்கும் தெரியாது."

நீட்டினார். பிறகு போட்டோவை வலது பக்கம் வைத்தார், கேடயத்தை இடது பக்கம் வைத்தார். மறுபடியும் தலையைச் சாய்த்தார்.

"அக்கா இங்கன நிக்காவ. இது அங்கன பாத்துட்டு நிக்கி. ஒரு ஊரு அக்காவுக்கு முதுகக் காட்டுனா நல்லாவா இருக்கு? திருப்பி விட்டுருதேன் சார்வாள்."

மாமா, அந்த ஊர்ச் சின்னங்களுக்கென்று சட்டம் இருக்கிறது. கேடயத்தில் வலது என்றால் அதைப் பிடித்திருப்பவனுக்கு வலது, பார்க்கிற நமக்கு இடது. பறவையோ மிருகமோ அந்தத் திசையைத்தான் பார்க்க வேண்டும். திரும்பி நின்றால் சண்டையில் புறமுதுகு காட்டுவது போல. புதிதாகக் குடிவருபவர்களுக்கு அந்த ஊராட்சி கொடுக்கும் சிறு கையேட்டில் இதெல்லாம் இருக்கிறது. டிராயிங் போடுகிறவன் என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் நான் ஊன்றிப் படித்திருந்தேன். ஊராட்சி அனுமதி இல்லாமல் யாரும் சின்னத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. எல்லாம் தெரிந்தவன், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றவன், அன்று அந்தக் கடையில் வாயைத் திறந்து சொன்னது ஒன்றே ஒன்று: "ரெசல்யூஷன் பத்தாது, நூத்தம்பதாவது வெச்சுக்கோங்கோ."

தானியேலுக்கு அதிலும் திருப்தி வரவில்லை. "அக்கா அங்கன என்னவா இருந்தாவ?" என்றார். நீங்கள், "ஊராட்சிக் கூட்டம் ஒண்ணு விடாமப் போவா" என்றீர்கள். அவர் அதை 'ஊராட்சி மன்ற உறுப்பினர், ஜெர்மனி' என்று அடித்து, அதற்கு மேலே 'ஜெர்மனி கண்ட ஹம்ஸமே!' என்று மஞ்சள் எழுத்தில் போட்டார். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் என்ன செய்தேன் என்று எழுத வேண்டியதில்லை.

பலகை பஸ் ஸ்டாப்பில் ஏறிய மறுநாள் காலை, ஊராட்சித் தலைவர் தனலட்சுமி ஸ்கூட்டியை நிறுத்தி இறங்கினார். நானும் கூட நின்றேன், அதனால் வார்த்தை பிசகாமல் எழுதுகிறேன்.

"என்ன சார்வாள், வாற எலெக்‌ஷன்ல நீங்களும் நிக்கியளா? ஒரு வார்த்த சொல்லலயே! வாத்துச் சின்னமா?"

"இது சின்னம் இல்லேம்மா. அதாவது, சின்னந்தான். அந்த ஊரோடது. இது அங்க இருக்கறது நம்ம ஹம்ஸினியாலதான். மாப்பிள்ளையே சொல்லிட்டார்."

மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, கழுத்துதான் சொன்னது. தனலட்சுமி பலகையை ரொம்ப நேரம் பார்த்தார். முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம பிள்ளைக்காவ ஒரு ஊரு சின்னத்தையே மாத்திருக்கு. நம்மூருல என்னன்னா, தண்ணித் தொட்டில ஒரு எடம் விடாம கண்டவன் பேரையும் எழுதிப் போட்டிருக்கானுவ. அத அழிச்சிட்டு இந்தப் பறவைய வரையச் சொல்லுதேன் சார்வாள். கேக்கதுக்கு எவன் வாறான்னு பாப்போம்."

தொட்டியில் வரைந்தார்கள். வரைந்தவர் பஸ் ஸ்டாப் பலகையைப் பார்த்து வரைந்தார், தொட்டி உயரமாக இருந்ததால் கழுத்தையும் கொஞ்சம் உயர்த்தினார். தொட்டியில் அது கொக்கு. தொட்டியைப் பார்த்து நம்ம ஊர்க் கபடி அணிக்குப் பனியன் அடித்தார்கள். பனியனில் அது நெருப்புக்கோழி. அடுத்தது என்னவாகுமோ என்று நான் பயந்துகொண்டிருந்த நேரத்தில், பெயின்ட் காய்ந்ததற்கு ஒரு சின்ன விழா வைத்து, நீங்கள் மைக்கைப் பிடித்து, "ஹம்ஸத்தை முத்திரையில வெச்சிருக்கற ஊர்னா, அவா அதை எவ்வளவு மதிக்கறவாளா இருக்கணும்" என்று பேசினீர்கள். ஜனங்கள் கை தட்டினார்கள். மாமா, அந்த ஊர்க்காரர்கள் அதை மதிப்பது உண்மைதான். பழைய காலத்தில் அந்த நிலமெல்லாம் ஒரு மடத்துக்குச் சொந்தம், ஊர்க்காரர்கள் வருஷா வருஷம் குத்தகைக்குப் பதில் வாத்து ஓட்டிக்கொண்டு போய் விடுவார்கள். அதனால்தான் சின்னத்தில் வாத்து. மடம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. நவம்பர் மாதம் பதினோராம் தேதி ஊரே ஒன்றுகூடி அதை முழுசாக அடுப்பில் வைத்து, சிவப்பு முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கு உருண்டையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். எங்கள் தட்டில் முட்டைக்கோஸும் உருண்டையும் மட்டும் வைப்பார்கள். நான் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து உங்கள் பேச்சுக்குக் கை தட்டினேன்.

அதோடு நின்றிருந்தால்கூட நான் இந்தப் பாவத்தைச் சுமந்துகொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். நீங்கள் வைலர் அம்மாளுக்குக் கடிதம் எழுதிவிட்டீர்கள். எனக்கு ஒரு நகல் காட்டினீர்கள். உங்கள் ஆபீஸ் இங்கிலீஷில், என் மகளின் பொருட்டு அந்தப் பறவையைத் தொடர்ந்து வைத்துக்கொண்டிருப்பதற்கு நன்றி என்று இருந்தது. 'தொடர்ந்து' என்பதை எடுத்துவிட்டு 'புதிதாக' என்று திருத்தலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பொய்க்கு மெருகு போட மனம் வரவில்லை, பேசாமல் கொடுத்துவிட்டேன். நீளக் கழுத்துப் பலகையின் போட்டோவையும் இணைத்து, முக்கூடல் தபாலாபீஸில் நீங்களே கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தீர்கள். போன வாரம் தனலட்சுமி ஒரு யோசனை சொன்னாராம்: இருபத்தாறாம் தேதி கிராம சபையில் தீர்மானம் ஏழு, எல்லர்ஸ்பாஹ் ஊராட்சிக்கு நன்றி, அப்போது வைலர் அம்மாள் வீடியோவில் பேச வேண்டும், மாப்பிள்ளை மைக்கில் நின்று தமிழில் சொல்ல வேண்டும். நீங்கள் நேரில் வந்து கேட்டீர்கள். பின்வாசலில் மூன்று ஆடும் சேர்ந்து கத்தின. நான் தலையாட்டினேன்.

நீங்கள் இறங்கிப் போனதும் ஹமீது பீவி மதில் மேலே முகத்தை நீட்டி, "ஏன் தம்பி, அந்த மனுசன் போனப்பொறவும் தலைய ஆட்டிட்டே நிக்கீங்க?" என்றார். அதற்கும் ஆட்டினேன். "வாயத் தொறந்து ஒரேயொரு தடவ வேண்டாம்னு சொல்லுங்க, இப்பமே ஆட்ட அவுத்துட்டுப் போயிருதேன். பத்து மாசமா அதுக்குத்தான் காத்துட்டிருக்கேன். நீங்க பேசுனாப் போதும்" என்றார். எனக்கு மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். திங்கட்கிழமை வைலர் அம்மாள் வீடியோவில் வருவார். ரொம்ப நேர்மையான மனுஷி, கூட்டல் கழித்தல் தப்பினால்கூட மன்னிப்புக் கேட்பார். "அன்புள்ள ஐயா, இதில் ஏதோ தவறு நேர்ந்திருக்கிறது, அந்த வாத்து 1960இலிருந்து இருக்கிறது" என்பார். நான் அதை மைக்கில் தமிழில் சொல்ல வேண்டும். நீங்கள் முன்வரிசையில் சலவை வேஷ்டியோடு உட்கார்ந்திருப்பீர்கள். பொண்ணையும் பறிகொடுத்துவிட்டு, ஊர் நடுவில் பொய் சொன்னவராகவும் உங்களை நான் நிறுத்த வேண்டும்.

இன்னொரு தாளும் இந்த ஃபைலில் சேர வேண்டும். அதைச் சேர்க்கத்தான் மூன்று நாளாகக் கை வரவில்லை. ஹம்ஸினி அந்த ஊராட்சி மன்ற உறுப்பினர் இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை இல்லாத நாமெல்லாம் அங்கே தேர்தலில் நிற்க முடியாது. மன்றத்தில் எட்டுப் பேர், வைலர் அம்மாளோடு ஒன்பது. பார்வையாளர்களுக்குப் பன்னிரண்டு நாற்காலி போட்டிருப்பார்கள். பதினொன்று காலி. மாதம் இரண்டாவது வியாழக்கிழமை, ஒரு எவர்சில்வர் டப்பாவில் தட்டையை எடுத்துக்கொண்டு அவள் போய் அந்தப் பன்னிரண்டாவதில் உட்கார்ந்துகொள்வாள். அங்கே 'குடியிருப்போர் கேள்வி நேரம்' என்று ஒன்று உண்டு, ஊரில் குடியிருக்கிற யாரும், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், எழுந்து கேட்கலாம். அதற்காகவே ஜெர்மன் படித்தாள். "நீயும் வாயேன் சாய், ஒரே ஒரு தடவை" என்பாள். "எட்டுப் பேர் சாக்கடையைப் பத்திப் பேசறதுக்கு நான் எதுக்கு?" என்பேன். திரும்பி வந்து, பூட்ஸைக் கழட்டிண்டே, "இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பிப்பாள். நான் பம்ப் டிராயிங்கைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவேன். அவள் சொல்லிண்டே இருப்பாள், நான் ஆட்டிண்டே இருப்பேன். ஹம்ஸினி போனப்புறம்தான் இவன் தலை இப்படி ஆடறது, பாவம்னு எல்லாரும் பரிதாபப்படறா மாமா. அது நிஜமில்லை. அவ இருக்கறச்சேயே ஆடிண்டுதான் இருந்தது. நாலு வருஷம் அவ என்கிட்ட சொன்னதுல ஒரு கூட்டம், ஒரே ஒரு கூட்டம் முழுசா ஞாபகத்துக்கு வருமான்னு மூணு நாளா உக்காந்து பாக்கறேன். வரல. தட்டை டப்பா மட்டும் காலியா வரும், அது ஞாபகம் இருக்கு.

ஆகவே தாங்கள் தயவுசெய்து தனலட்சுமியிடம் சொல்லித் ஏழாம் தீர்மானத்தை நிறுத்திவிடவும். காரணம் கேட்டால், மாப்பிள்ளை பொய் சொல்லிவிட்டான் என்று என் பெயரைப் போட்டே சொல்லவும். பலகையை நானே வந்து இறக்குகிறேன். தொட்டிக்கு வெள்ளையடிக்க ஏணியும் நானே பிடிக்கிறேன். கபடிப் பையன்களிடம் நெருப்புக்கோழி என்றே இருக்கட்டும் என்று சொல்லிவிடலாம், அதற்கும் நமக்கும் இப்போது சம்பந்தம் தெரியவில்லை.

மாமியின் முழங்காலுக்குத் தைலம் தொடர்ந்து போடச் சொல்லவும். உங்கள் இருவரையும் நமஸ்கரிக்கிறேன். ஆசீர்வாதம் இந்தத் தடவை வேண்டாம், அதற்கு நான் லாயக்கில்லை. மிச்சம் பிடித்து வைத்திருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாப்பிள்ளை,
சாய்கிருஷ்ணன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்டு ஒட்டின பிறகு வைலர் அம்மாளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. உறையைக் கிழித்து இதைச் சேர்க்கிறேன். உங்கள் கடிதத்தை மன்றக் கூட்டத்தில் வைத்துப் படித்தார்களாம். முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லையாம், பிறகு ஒருவர் பழைய கூட்டக் குறிப்பை எடுத்துவரச் சொன்னாராம். அதை அப்படியே தமிழில் தருகிறேன், ஒரு சொல்கூட என்னுடையது இல்லை:

'10 நவம்பர் 2022. பொருள் ஆறு: பழைய ஊர்ச் சின்னத்தை நீக்கிவிட்டு நவீன அடையாளக் குறியை (மூன்று வளைகோடுகள், வாத்து இல்லை) ஏற்பது. விவாதத்தில் ஐவர் ஆதரவு, மூவர் எதிர்ப்பு. வாக்கெடுப்புக்கு முன், தலைவியின் அனுமதியோடு, பார்வையாளர் இருக்கையிலிருந்து திருமதி ஹம்ஸினி சாய்கிருஷ்ணனின் கேள்வி: வாத்து என்ன தப்புப் பண்ணியது? பதில்: யாரும் அளிக்கவில்லை. மன்றத்தில் சிரிப்பு. வாக்கெடுப்பு: ஆதரவு எவருமில்லை. வாத்து தொடரும்.'

இதன் கீழே வைலர் அம்மாள் எழுதுகிறார்: 'ஆகவே திரு. வைத்தி எழுதியது சரி என்று மன்றம் ஒருமனதாக உறுதி செய்கிறது. எங்கள் சின்னத்தில் அந்த வாத்து இன்று நிற்பது அவர் மகளால்தான். இருபத்தாறாம் தேதி இதை நான் உங்கள் ஊர் மக்களிடம் சொல்வேன். சின்னத்தைப் பயன்படுத்த அனுமதி அளிக்கப்பட்டது. கழுத்தின் நீளம் குறித்து ஓர் உறுப்பினரின் ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது. அது பார்க்கும் திசை குறித்தும் ஆட்சேபம் எழுந்தது. எதைப் பார்க்கிறது என்று புகைப்படத்தில் கண்டபின் திரும்பப் பெறப்பட்டது.'

மாமா, அன்னிக்கு ஆத்துக்கு வந்து அவ இதை என்கிட்ட சொல்லாம இருந்திருக்கவே மாட்டா. நான் தலையாட்டியிருக்கேன். உங்களுக்கும் போன் பண்ணியிருப்பா. நீங்க கேட்டிருக்கேள், வாத்தை மட்டும் அவ பேருக்காக ஹம்ஸமாக்கிண்டிருக்கேள். தொடர்ந்து வைத்துக்கொண்டிருப்பதற்குன்னு நீங்க எழுதினதைத் தப்புன்னு நெனச்சேனே. பத்தாம் நாள் நீங்க பக்கத்துல வந்து உக்காந்தது தெரியாத ஒண்ணைத் தெரிஞ்சுக்கறதுக்கில்ல. உங்களுக்கு எல்லாம் தெரியும். இது தெரிஞ்ச இன்னொருத்தன் இருக்கான், அவன்கிட்ட அவளைப் பத்தி நாலு வார்த்தை பேசலாம்னுதான் வந்தேள்.

மேலே எழுதினது மொத்தமும் ரத்து. பொருளை மட்டும் இப்படித் திருத்தி வாசிக்கவும்: மாப்பிள்ளை பொய் சொல்லவில்லை – மாப்பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது – தொடர்பாக. தீர்மானம் ஏழு நடக்கட்டும். சனிக்கிழமை காலம்பர முதல் பஸ்ஸுல வரேன். நாப்பத்தோரு கூட்டத்துக்குப் போயிருக்காளாம், வைலர் அம்மாள் எண்ணிச் சொல்லியிருக்கார். முதல் கூட்டத்துலேர்ந்து சொல்லுங்கோ. அவசரமில்ல, எனக்கு லீவு இருக்கு.